பயந்தாங்கொள்ளிக்கு ஒரு சாட்சிக்காரி எழுதுவது

பக்கத்து வீட்டில் மதில் கட்டுகிறார்கள். இன்று காலை ஒரு லோட் ஆற்று மண் கொண்டுவந்து எங்கள் வேலியோரமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். நான் தையல் மெசினில் இருந்தேன். முதலில் சத்தம், பிறகு அந்த ஈர மணலின் மணம். கால் தன்பாட்டில் மிதித்துக்கொண்டிருக்க, கை துணியைத் தள்ளாமல் நின்றுவிட்டது. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் சிக்காகிப் போனது. கலியாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அபாயா வேறு. அதைப் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அந்த மணம் வந்தால் எனக்கு இப்போதும் அந்தச் சனிக்கிழமைதான். உனக்கு நடந்ததை உனக்கே சொல்வது விசர்த்தனம்தான். ஆனால் நீ அதைப் பார்த்திருக்கமாட்டாய். உன் முதுகுப் பக்கமாகத்தான் வந்தது.

சனிக்கிழமை காலை. பட்டன் வாங்க நான் வீதிக்கு அந்தப் பக்கம் போனேன். கடக்கப் பயந்து நீ இந்தப் பக்கமே நின்றுவிட்டாய். “நீ வாங்கிட்டு வா கா, நான் நிழலில நிக்கிறன்” என்றாய். ஓரத்தில், மரத்தடியில், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற உன்மேல்தான் மண் ஏற்றிய டிப்பர் பாதையை விட்டு இறங்கி வந்தது. பிறகு பார்த்தால் வீதியெல்லாம் மண். உன் குடையின் கம்பி மட்டும் வெளியே தெரிந்தது. இத்தனை வருடமாக நீ பயந்த எதுவும் உன்னை ஒன்றும் செய்யவில்லை. பத்திரமென்று நினைத்து நின்ற இடத்தில்தான் நீ போனாய்.

ஓட்டிக்கொண்டு வந்தவன் குதித்ததை நான் பார்த்தேன். டிப்பர் முதலாளியின் மகன். கையில் போன் இருந்தது. உன்னைப் பார்த்தான், வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தான், ஓடிவிட்டான். மற்றப் பக்கத்துக் கதவால் இறங்கிய கூலிச் சாரதி தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணிலேயே குந்திவிட்டான். பொலிஸ் வந்தபோது, ஓட்டியது தானே என்று அந்தக் கூலிக்காரன்தான் சொன்னான். அவனுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ. மறியல் சிறையில் இருப்பது அவன். நீ திடீரென்று வீதிக்குக் குறுக்கே பாய்ந்துவிட்டாய், பிரேக் பிடிக்க நேரமில்லை என்பது அவர்களுடைய கதை.

நீ பாய்ந்தாயாம். வீதியைக் கடப்பதென்றால் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு வாகனம் போன பிறகும் “இன்னொண்டு வருது கா, போகட்டும்” என்று நிற்பவள் பாய்ந்தாளாம். அதைக் கேட்டபோது அழுகைக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது.

ஓட்டியது யார் என்று கண்ணால் கண்டவள் நான் ஒருத்தி. பட்டன் கடைக்காரர் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாராம். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பொலிசில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். நீதவானுக்கு முன்னால் வந்தும் சொல்லவேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் இது.

நான் பயப்படுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். நம் இரண்டு பேரில் பயப்படுவது உன் வேலை, உன்னைக் கிண்டல் பண்ணுவது என் வேலை. பாலர் பாடசாலையில் நீ டீச்சர், ஆனால் தவளை வந்தால் பிள்ளைகள்தான் உன்னைக் காப்பாற்றுவார்கள். பல்லி, ஜெனரேட்டர், முந்திக்கொண்டு போகும் பஸ், எல்லாவற்றுக்கும் பயம். மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் அடுத்த ஒழுங்கையில் இருக்கிற உன் வீட்டிலிருந்து குடையோடு ஓடிவருவாய். தரையால் கரண்ட் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதற்காக, என் வீட்டு ஹோலுக்கு நடுவில் கதிரையைப் போட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிவைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபிப்பாய்.

“ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கு. இங்கயே இரும். போயிராதேயும்.”

அவ்வளவுதான் ஜெபம். நம் ஆலயத்தில் சிலர் ஜெபிக்கத் தொடங்கினால் அடுப்பில் வைத்த சோறு கருகிவிடும், உனக்கோ இந்த மூன்று வரிக்குமேல் வராது. திருப்பித் திருப்பி அதுவே.

“அவர் எங்க போறவர்? உன்ட பயம் தெளியிறவரைக்கும் அவருக்கும் வேற வேலை இல்ல” என்பேன் நான்.

“சிரி கா சிரி. உனக்குப் பயம் வந்தாத்தான் தெரியும்.”

தெரிந்துகொண்டேன்.

உன்னை அடக்கம் பண்ணிச் சில நாளில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் இறங்கி வந்தான். மற்றவன் இறங்கவுமில்லை, என்ஜினை நிறுத்தவுமில்லை. வந்தவன் கையில் ஒரு துணிப் பொதி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணி.

“அக்கா, மகளுக்கு ஒரு ஸ்கூல் சட்டை தைக்க வேணும். அளவுக்குப் பழைய சட்டை இந்தா இருக்கு.”

வாங்கிக்கொண்டேன். தையல்காரியிடம் துணி கொண்டுவந்தால் வாங்காமல் என்ன செய்வது.

“அவசரமில்ல. ஆறுதலாத் தைங்க. நாங்க இடைக்கிட வந்து பாக்கிறம்.” போவதற்குத் திரும்பியவன், ஏதோ ஞாபகம் வந்தவன் போல நின்றான். “உங்கட மகள் ஒலுவில் கம்பஸில தானே படிக்கிறவ? விடிய பஸ்ஸிலதான் போறவ என்ன?”

“ஓம்” என்றேன்.

“கவனமாப் போகச் சொல்லுங்க. இந்த ரோட்டில இப்ப டிப்பர் கூடிப்போச்சு.”

மரியாதையான பேச்சு. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, சத்தம் இல்லை. எந்தப் பொலிசில் போய் இதை நான் முறையிடுவது? மகளுக்குச் சட்டை தைக்கத் தந்தார் என்றா?

என் வீட்டுக்காரர் செத்தபோது, ஒரு கைக்குழந்தையோடு இந்த வீட்டில் தனித்துப்போனபோது, நான் இப்படிப் பயந்ததில்லை. மகள் பஸ் ஏறினால் ஒரு போன், இறங்கினால் ஒரு போன். அவள் எடுக்கப் பிந்தினால் தைப்பதை அப்படியே விட்டுத் திரும்பத் திரும்ப எடுப்பேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், அது ஐஸ்கிறீம் காரனுடையதாக இருந்தாலும், வாசல் கதவைச் சாத்திவிடுவேன். சோறு இறங்கவில்லை. தைக்கத் தந்த பெண்கள் “என்ன அக்கா, இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க, சீனி வருத்தமா” என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சட்டையைத் தைத்தேன். பழைய சட்டையை விரித்து அளவெடுத்தபோது பார்த்தேன், கழுத்துப் பக்கம் மை கொட்டிய அடையாளம். ஏழு எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கும். அந்தப் பிள்ளை என்ன செய்தது? வளர்கிற பிள்ளை என்று விளிம்பில் கொஞ்சம் கூடுதலாக மடித்துவிட்டேன். அவன் வந்து எடுத்து, பிரித்துப் பார்த்து, “வடிவாத் தைச்சிருக்கிறீங்க அக்கா” என்றான். அடுத்த கிழமை இன்னொரு துணியோடு வந்தான்.

ஆலயத்து மாதர் சங்கப் பெண்களுக்கு விசயம் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு விடிய எழும்பினால் போனில் பூப்படம், பூப்படத்துக்கு மேலே வசனம். பயப்படாதே. திகையாதே. கலங்காதே. அனுப்புகிறவர்கள் அன்போடுதான் அனுப்பினார்கள், எனக்கோ போனைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடலாம் போல இருந்தது. சபையில் மூத்த ஒருவர் வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்: “பழிவாங்கிறது ஆண்டவர்ட வேலை தங்கச்சி. நாங்க ஜெபிப்பம். நமக்கேன் இந்த வம்பு?” பழி வாங்கச் சொல்லி என்னை யார் கேட்டது? கண்டதைச் சொல்லத்தானே கேட்கிறார்கள். ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு பக்கம், நல்லதொரு காரணம் கொண்டுவந்து தந்தீர்கள் ஐயா என்று அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுக்குப் பயந்திருந்தேன்.

வசனம் என்றதும் உன் அட்டைகள் ஞாபகம் வந்தன. வருடப் பிறப்பன்று காலை ஆராதனை முடிய, வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்துவைத்து நீட்டுவார்களே. எடுத்த அட்டையில் உள்ள வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொன்னது. மற்றவர்களுக்கெல்லாம் ஆசீர்வாதம், சமாதானம், நிரம்பி வழிகிற பாத்திரம். உனக்கு வந்தது பயப்படாதே. உன் முகத்தில் இரத்தம் இல்லை.

“என்னவோ வரப்போகுது கா.”

“ஆறுதல் சொல்ற வசனம் கா அது.”

“ஒண்டும் வரப்போறதில்ல என்டா அவர் ஏன் பயப்படாத என்டு சொல்றார்? ஊசி போட முன்னுக்குத்தானே பயப்படாத என்டு சொல்லுவாங்க?”

ஆறுதல் வார்த்தையைக் கேட்டு நடுங்க உன்னால் மட்டும்தான் முடியும். தட்டுப் பிடித்திருந்தவ அங்கால் திரும்பிய நேரம் பார்த்து, அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாய். அதுவும் அதே பொருள்தான். அழுதுவிடுவாய் போல இருந்தது. தட்டில் பாதி அந்த வசனம்தான் என்று நான் விளங்கப்படுத்தினேன், வேதமெல்லாம் அதுதான் நிரம்பிக் கிடக்கிறது என்றேன். நீ கேட்கவில்லை.

ஆனால் அன்று பின்னேரம் என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறபோது, அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நீயாகவே சொன்னாய்: “இதில ரெண்டு பாதி இருக்கு கா. பயப்படாத என்டு ஒரு பாதி. நான் கூட இருக்கிறன் என்டு மத்தப் பாதி. முதல் பாதி எனக்கு ஏலாது. எவ்வளவு பாத்திட்டன், ஏலாது. மத்தப் பாதியை அவர் செய்யட்டும். அது அவர்ட வேலைதானே.”

நான் அதற்கும் சிரித்தேன். பயப்படுகிறவள் கண்டுபிடித்த சாட்டு என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த வருடம், பல ஞாயிறுகள் பூட்டிக்கிடந்த நம் ஆலயத்தைத் திரும்பத் திறந்த நாள். வாசலில் ஆமிக்காரர், உள்ளே போகிறவர்களின் பையெல்லாம் சோதனை. அந்த நாட்களில் இந்த ஊரில் யார்தான் பயப்படவில்லை? அபாயா தைக்கத் தந்த முஸ்லிம் பெண்கள், பழி தங்கள்மேல் விழுமென்று, அதை வந்து வாங்கவும் உடுத்துக்கொண்டு வெளியே போகவும் பயந்தார்கள். நம் சபையில் பாதிப்பேர் அன்று வரவில்லை. நீ காலையிலேயே எனக்குப் போன் எடுத்தாய். “நான் போறன். நீயும் வா கா, தனியப் போனா வழியில விழுந்திருவன்.” கதவுக்குப் பக்கத்துக் கடைசி வாங்குப் பலகையில் இருந்தோம். போதகர் பிரசங்கம் பண்ணி முடியும்வரை உன் முழங்கால் முன் வாங்கில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவ இரண்டு தரம் திரும்பிப் பார்த்தா.

“இவ்வளவு பயமென்டா ஏன் வந்த?” என்று காதுக்குள் கேட்டேன்.

“வீட்டில இருந்தா பயம் மட்டும்தான் இருக்கும். இங்க வந்தா அவரும் இருப்பார்.”

தைரியம் வந்த பிறகு நீ எங்கேயும் போகவில்லை. தைரியம் உனக்கு வரவேயில்லை. நடுங்கிக்கொண்டே போனாய், நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தாய், அடுத்த ஞாயிறும் போனாய். பக்கத்தில் நான் நடந்தேன், தைரியசாலி என்று என்னை நினைத்துக்கொண்டு. உன் கையைப் பிடித்திருந்ததால்தான் என் கை நடுங்கவில்லை என்று நீ போன பிறகுதான் தெரிகிறது.

வழக்குத் தவணைக்கு முந்தின நாள் பின்னேரம் அவன் மூன்றாவது தரம் வந்தான். துணி கொண்டுவரவில்லை. “நாளைக்கு வெயில் கடுமையாம் அக்கா. வீட்டில இருங்க” என்றான். அவன் போன பிறகு ஹோலுக்குள் வந்து, கதவைப் பூட்டி, கதிரையில் இருந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலிரண்டையும் மேலே தூக்கிவைத்துக்கொண்டேன். ஜெபிக்க வாய் திறந்தால் எனக்குத் தெரிந்த நல்ல ஜெபம் ஒன்றும் வரவில்லை. உன்னுடையதுதான் வந்தது. எனக்குப் பயமாயிருக்கு. இங்கயே இரும். போயிராதேயும். எத்தனை தரம் சொன்னேனோ. பயம் போகவில்லை. மனதில் ஒரு சமாதானம் இறங்கியது என்று எழுதினால் அழகாயிருக்கும், ஆனால் இறங்கவில்லை. மகள் வந்து கதவைத் தட்டினாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்மா, நீங்க சொல்லாம விட்டா, அவங்க பிறகு வரமாட்டாங்களா?”

“தெரியா மகள்.”

“அப்ப ரெண்டுக்கும் பயம்தானே. எங்கட அன்ரி பாய்ஞ்சவ என்டு அவங்க சொல்லிக்கொண்டு திரிய, நான் அந்த ரோட்டால ஒவ்வொரு நாளும் போகவேணுமா?”

அவள் கண்ணிலும் பயம் இருந்தது, கண்டேன். மறைக்கவில்லை அவள்.

அடுத்த நாள் காலையில் ஹதீஜா ராத்தா வந்து நின்றா. மருதமுனையிலிருந்து அபாயா தைக்கத் தர வருவாவே, அவதான். யார் சொன்னார்களோ தெரியாது. “கோட்டுக்குத் தனியப் போகப் போறியா? ஏறு ஆட்டோவில. உள்ளுக்கு என்னை விடாட்டி வெளிய இரிக்கன். நான் துஆ கேக்கன், நீ உன்ட ஆண்டவரிட்டக் கேளு” என்றா.

சாட்சிக் கூட்டில் ஏறியதும் முழங்கால் ஆடத் தொடங்கியது. பலகையில் அடிபட்டு, உன்னுடையது போலவே சத்தம். கூலிச் சாரதி குற்றவாளிக் கூட்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பின் வரிசையில் முதலாளியின் மகன், தலையை வாரி, நீலச் சேட் போட்டு, யாருக்கோ துணைக்கு வந்தவன் போல இருந்தான். சட்டை தைக்கத் தந்தவன் அவனுக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான்.

கூலிச் சாரதிக்கென்று முதலாளி பிடித்துக்கொடுத்த சட்டத்தரணி எழும்பினார். நல்ல பேச்சுக்காரர்.

“இறந்தவர் உங்கட நெருங்கின சிநேகிதி, அப்படித்தானே?”

“ஓம்.”

“அந்த நேரம் நீங்க நல்லாப் பயந்துபோயிருப்பீங்க.”

“ஓம்.”

“இப்பவும் பயந்துகொண்டுதான் நிக்கிறீங்க. எனக்கு இங்க வரைக்கும் சத்தம் கேக்குது.” யாரோ சிரித்தார்கள். “இவ்வளவு பயப்படுகிற ஒருவருக்கு, வீதிக்கு அந்தப் பக்கத்திலயிருந்து ஒருத்தர்ட முகம் எப்படிச் சரியாத் தெரியும்?”

இங்கயே இரும் என்று உள்ளுக்குள் சொன்னேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

“பயம்தான் ஐயா. இப்பவும் பயம்தான். வீட்ட போனாலும் பயமாத்தான் இருக்கும். ஆனா கண்டது கண்டதுதான். அவ பாயல்ல. அவ வீதியைக் கடக்கிறவளே இல்ல. நின்ட இடத்திலதான் நின்டவ. இந்தக் கூட்டில நிக்கிறவர் ஓட்டல்ல. ஓட்டினவர் அந்தா, பின்னால நீலச் சேட்டோட இருக்கிறார்.”

கையை நீட்டினேன். கை ஆடியது, ஆனால் நீட்டிய பக்கம் சரியாகத்தான் இருந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கூலிச் சாரதி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். நீதவான் எனக்கு ஒரு கதிரை போடச் சொன்னார், தண்ணி கொடுக்கச் சொன்னார்.

வழக்கு முடியவில்லை. இன்னொரு தவணை போட்டிருக்கிறார்கள், என்னை இன்னும் கேள்வி கேட்பார்களாம். சட்டை தைக்கத் தந்தவன் அதற்குப் பிறகு வரவில்லை. வராதது வந்ததைவிடப் பயமாயிருக்கிறது. மகள் பஸ் ஏறினால் இன்றைக்கும் போன்தான். நீ தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்ததை இப்போது நான் சுமக்கிறேன், உன் மூன்று வரி ஜெபத்தையும் சேர்த்து. ஒரு நாளைக்கு நாலு தரமாவது அதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு வெளியே வந்ததும் மதில் ஓரமாக வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர, ஒரு இளம் பெண் இடுப்பில் பிள்ளையோடு எனக்கு முன்னால் நின்றாள். கூலிச் சாரதியின் பெண்சாதி என்று சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்கள எங்களுக்குத் தெரியும் அக்கா. எங்கட ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கல்ல. இவ்வளவு பயத்தோட நீங்க எப்படித் தனிய வந்து சொன்னீங்க?”

“நான் தனிய வரல்ல” என்றேன்.

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ராத்தா ஆட்டோ பிடிக்க வீதிக்குப் போயிருந்தா. அங்கே வெறும் வெயில்தான். அவள் என் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஓம் என்று தலையாட்டினாள்.